173 என்றால் எஃப்ஐஆரா, குற்றப்பத்திரிகையா? பயிற்சியில் இருக்கிறேன், தலை சுற்றுகிறது

புதுக்காக்கி

எல்லோருக்கும் வணக்கம். இரண்டாம் நிலைக் காவலராகத் தேர்வாகி இப்போது பயிற்சியில் இருக்கிறேன். கவாத்து, ஓட்டம் எல்லாம் உடம்புக்குப் பழகிவிட்டது. சட்ட வகுப்புதான் உதைக்கிறது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்த வகுப்பு, பாதிப் பேர் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவோம், அதை விடுங்கள்.

என் சிக்கல் இதுதான். கையில் இருப்பது சித்தப்பா மகன் கொடுத்த பழைய கைடு, முழுக்க ஐபிசி, அதாவது பழைய தண்டனைச் சட்டம். வகுப்பில் நடத்துவது புதுத் தண்டனைச் சட்டமான பிஎன்எஸ், புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ். நடத்துகிற ஐயா புத்தகத்தைப் பார்த்துப் பேசும்போது புது நம்பர் சொல்கிறார், அனுபவக் கதை சொல்ல ஆரம்பித்தால் பழைய நம்பருக்குப் போய்விடுகிறார். நேற்று "173 என்றால் என்ன" என்று கேட்டார். நான் குற்றப்பத்திரிகை என்றேன், பக்கத்தில் இருந்தவன் எஃப்ஐஆர் என்றான், ஐயா இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். கைதுக்கும் காவலுக்கும் என்ன வித்தியாசம் என்றார். இரண்டும் ஒன்றுதானே ஐயா என்றேன். மீதி வகுப்பை நின்றுகொண்டே கேட்டேன்.

எந்தெந்தச் சொல்லை முதலில் பிடித்துக்கொள்ள வேண்டும், பழைய நம்பரையும் படிக்க வேண்டுமா, ஸ்டேஷனுக்குப் போன பிறகு உண்மையில் எது தேவைப்படும் என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும். கைடில் உள்ள 200 சொற்களையும் மனப்பாடம் செய்யச் சொல்லிவிடாதீர்கள்.

---

ரைட்டர்மேசை

தம்பி, நீயும் சரி, பக்கத்தில் இருந்தவனும் சரி. பழைய நடைமுறைச் சட்டமான சிஆர்பிசியில் 173 என்றால் இறுதி அறிக்கை, அதாவது குற்றப்பத்திரிகை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பிஎன்எஸ்எஸ்-ல் 173 என்றால் எஃப்ஐஆர், குற்றப்பத்திரிகை 193-க்குப் போய்விட்டது. நான் நிலைய எழுத்தராக உட்கார்ந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது, அந்த ஆகஸ்ட் மாதம் எனக்கே நடந்தது. கோர்ட் டியூட்டி பையனிடம் "அந்த அடிதடி கேஸில் 173 காப்பி ஒன்று வாங்கி வா" என்று அனுப்பினேன். குற்றப்பத்திரிகை நகலை மனதில் வைத்துச் சொன்னேன். அவன் புதுப் புத்தகம் படித்து வந்தவன், எஃப்ஐஆர் நகலோடு வந்து நிற்கிறான். அவனைத் திட்டவும் முடியவில்லை.

இந்த மாதிரிக் குழி இன்னும் மூன்று நான்கு இருக்கிறது. சந்தேக மரணத்துக்கு "174 போட்டிருக்கு" என்று இன்றைக்கும் எல்லோர் வாயிலும் வரும். அது இப்போது 194. புதுச் சட்டத்தில் 174 என்பது பிடியாணை இல்லாமல் கைது செய்ய முடியாத குற்றத்தைப் பற்றித் தகவல் வந்தால் என்ன செய்வது என்பது. "144 தடை உத்தரவு" இப்போது 163. பிஎன்எஸ்எஸ்-ல் 144-ஐத் திறந்து பார்த்தால் மனைவி, பிள்ளை, பெற்றோருக்கான ஜீவனாம்சம் இருக்கும். கொலைக்கு 302 என்று சினிமா வசனமே உண்டு, இப்போது அது 103. பிஎன்எஸ்-ன் 302, மத உணர்வைப் புண்படுத்தும் நோக்கத்தோடு பேசுவது. 420 என்ற பிரிவே கிடையாது, ஏனென்றால் புத்தகமே 358-ல் முடிந்துவிடுகிறது. ஏமாற்றி மோசடி செய்வதற்கு 318(4).

பழையதைப் படிக்க வேண்டுமா என்றால், வேண்டும். குற்றம் நடந்த தேதி 2024 ஜூலை 1-க்கு முந்தையது என்றால் தண்டனைப் பிரிவு ஐபிசிதான், புகார் இன்றைக்கு வந்தாலும். பழைய கேஸ்கள் கோர்ட்டில் வருடக்கணக்கில் நிற்கின்றன, சம்மன் கொண்டு போகிறவன் நீதான். அதனால் நம்பரைத் தனியாக மனப்பாடம் செய்யாதே. சொல்லைப் பிடி, அதன் மேல் பழைய நம்பர் ஒன்று, புது நம்பர் ஒன்று ஒட்டிக்கொள்ளும்.

நான் புதிதாக வருகிற பையன்களுக்குச் சொல்வது, ஒரே ஒரு கேஸை எடுத்துக்கொண்டு அதன் காகிதங்களின் பின்னாலேயே நட என்பதுதான். வேலித் தகராறு என்று வை. சாயங்காலம் ஆறு மணி, பக்கத்து வீட்டுக்காரர்கள், வாய்ச்சண்டை முற்றி ஒருவர் உருட்டுக்கட்டையால் அடித்துவிட்டார். அடிபட்டவரை ஜிஹெச்-க்கு, அதாவது அரசு மருத்துவமனைக்குக் கொண்டு போகிறார்கள். அங்கிருந்து ஸ்டேஷனுக்கு இன்டிமேஷன் வரும். டாக்டர் காயத்தை எழுதி வைப்பது ஏ.ஆர். காப்பி, விபத்துப் பதிவேட்டின் நகல். இன்டிமேஷன் வந்ததை ஜி.டி.-யில், அதாவது பொது நாட்குறிப்பில், நேரத்தோடு எழுதுவோம். ஏட்டையாவோ எஸ்.ஐ. ஐயாவோ போய் வாக்குமூலம் வாங்கி வருவார், அதை வைத்து எஃப்ஐஆர். முன்பெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு 294(பி), 324, 506(2) என்று எழுதுவோம், இப்போது 296(பி), 118(1), 351(3). ஆபாசமாகத் திட்டியது, ஆயுதத்தால் காயம், கொலை மிரட்டல். கையால் அடித்திருந்தால் 323-க்குப் பதில் 115(2). இந்த நான்கும் உனக்கு முதல் வாரத்திலேயே பழகிவிடும்.

அப்புறம் சம்பவ இடம். பார்த்ததைப் பார்த்தபடி எழுதுவது பார்வை மகஜர், கூடவே மாதிரி வரைபடம். கட்டையை எடுத்தால் கைப்பற்றுதல் மகஜர். இரண்டையும் சாட்சிகள் முன்னிலையில்தான் எழுத வேண்டும். சாட்சிகளைப் போலீஸ் விசாரித்து எழுதுவது பிஎன்எஸ்எஸ் 180, பழைய ஆட்கள் 161 என்பார்கள். அதில் கையெழுத்து வாங்கக் கூடாது. மாஜிஸ்திரேட் முன்னால் கொடுப்பது 183, பழைய 164.

மூன்றாவது நாள் அடிபட்டவர் இறந்துவிட்டார் என்று வை. கேஸ் புதிதாகப் போட மாட்டோம், அதே கேஸில் பிரிவு மாற்ற அறிக்கை போகும், எல்லோரும் ஆல்டரேஷன் என்போம். இன்ஸ்பெக்டர் ஐயா ஐ.ஓ., அதாவது புலன் விசாரணை அதிகாரி ஆகிவிடுவார், பிரேத விசாரணை நடக்கும், காகிதக் கட்டு மூன்று மடங்காகும்.

எஃப்ஐஆர் மாஜிஸ்திரேட்டுக்குப் போக வேண்டும். கொலைக் கேஸ் என்றால் நேரம் பார்க்காமல் எக்ஸ்பிரஸ் எஃப்ஐஆர், அதை எடுத்துக்கொண்டு போவது உன்னை மாதிரி ஒரு காவலர்தான். நான் போயிருக்கிறேன், இராத்திரி இரண்டு மணிக்கு நீதிபதி குடியிருப்பில் மணி அடித்துவிட்டு நிற்கும்போது வயிறு கலங்கும். அவர் கையெழுத்துப் போட்டு, கிடைத்த நேரத்தைக் கீழே எழுதுவார். அந்த ஒரு வரியை வைத்துத்தான் பிற்பாடு கோர்ட்டில் அரைமணி நேரம் குறுக்கு விசாரணை நடக்கும். வழியில் டீ குடிக்க நின்றாயா என்று உன்னைக் கூண்டில் ஏற்றிக் கேட்பார்கள்.

---

பாராடியூட்டி

ரைட்டர் ஐயா பெரிசாக எழுதிவிட்டார். நான் சுருக்கமாகச் சொல்கிறேன் நண்பா. பெயிலபிள், நான் பெயிலபிள் இரண்டும் தெரிந்தால் போதும். முதலாவதில் ஸ்டேஷனிலேயே விட்டுவிடலாம், இரண்டாவதில் ஜாமீனே கிடையாது. மற்றதெல்லாம் போகப் போகத் தெரிந்துவிடும்.

---

வாய்தாவராண்டா

பாராடியூட்டி, உங்கள் இரண்டாவது பாதி தவறு, இதைச் சொல்லித்தான் பல குடும்பங்களைப் பயமுறுத்துகிறார்கள். பிணையில் விடக்கூடிய குற்றம் என்றால் பிணை அவருடைய உரிமை, கேட்டால் கொடுத்தாக வேண்டும். பிணையில் விட முடியாத குற்றம் என்று எழுதியிருந்தால் உரிமையாகக் கேட்க முடியாது, நீதிமன்றம் பார்த்துக் கொடுக்கும் அல்லது மறுக்கும். கொலை வழக்கிலேயே தினமும் ஜாமீன் வாங்குகிறோம். 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை போடாவிட்டால், ஆயுள், மரண தண்டனை, பத்து வருடமும் அதற்கு மேலும் உள்ள குற்றங்களில்கூட, பிணை உரிமையாகவே வந்துவிடும். மற்றவற்றில் 60 நாள். பிஎன்எஸ்எஸ் 187, பழைய 167. உங்கள் ஐ.ஓ. 88-வது நாள் ஏன் தூங்காமல் இருக்கிறார் என்று இப்போது புரியும்.

கேள்வி கேட்ட தம்பிக்கு. நான் எதிர்த்தரப்பு வக்கீல், உங்கள் ஆட்களின் சொல் தவறினால்தான் எனக்குப் பிழைப்பு, இருந்தாலும் சொல்கிறேன்.

தமிழில் படிப்பவர்களுக்கு முதல் தொல்லை "விசாரணை" என்ற சொல். ஆங்கிலத்தில் மூன்று தனித்தனிச் சொற்கள், தமிழில் மூன்றுக்கும் இதையே போட்டு ஓட்டுகிறோம். போலீஸ் சாட்சியம் திரட்டுவது புலன் விசாரணை. மாஜிஸ்திரேட்டோ நீதிமன்றமோ குற்றச்சாட்டு வனைவதற்கு முந்தைய நிலையில் நடத்துவது வெறும் விசாரணை. குற்றச்சாட்டு வனைந்த பிறகு சாட்சிகளைக் கூண்டில் ஏற்றி நடப்பதும் விசாரணைதான், அதை வழக்கு விசாரணை என்று சேர்த்துச் சொல்லுங்கள். இது போதாதென்று ஸ்டேஷனில் மனுவைப் பேசித் தீர்ப்பதையும் விசாரணை என்கிறீர்கள். "விசாரணைக்கு அழைத்துச் சென்றோம்" என்று ஒரு காவலர் சாட்சி சொன்னால், நான் உடனே எழுந்து கேட்பது, எந்த விசாரணை, என்ன அதிகாரத்தில், எத்தனை மணிக்கு என்பதுதான்.

அங்கிருந்துதான் கைதும் காவலும் பிரிகின்றன. கைது என்பது ஒரு செயல், அதற்கு நேரம் உண்டு, குறிப்பு உண்டு, சாட்சிக் கையெழுத்து உண்டு. காவல் என்பது ஒரு நிலை, ஒருவர் அடுத்தவர் கட்டுப்பாட்டுக்குள் இருப்பது. கைதானவர் காவலில் இருப்பார். ஆனால் நேராகக் கோர்ட்டில் வந்து சரணடைந்தவர் இருக்கிறாரே, அவர் நீதிமன்றக் காவலில் இருக்கிறார், போலீஸ் அவரைக் கைது செய்யவே இல்லை. குண்டர் சட்டத்தில், அதாவது 1982-ன் தமிழ்நாடு சட்டம் 14-ல், வைக்கிறார்களே, அது தடுப்புக் காவல், நடந்த குற்றத்துக்குத் தண்டனை அல்ல, இனி நடக்காமல் தடுக்க. இவை போக ரிமாண்ட், கைதானவரைக் காவலில் வைக்க மாஜிஸ்திரேட் உத்தரவிடுவது. ஜெயிலுக்கு அனுப்பினால் நீதிமன்றக் காவல், உங்களிடமே திருப்பிக் கொடுத்தால் போலீஸ் காவல்.

24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும் என்பது பிஎன்எஸ்எஸ் 58 மட்டும் இல்லை, அரசியலமைப்பின் 22-வது பிரிவே சொல்வது. பயண நேரம் மட்டும் கழியும். காலை பத்து மணிக்கு வீட்டில் இருந்து ஜீப்பில் ஏற்றிவிட்டு, இரவு எட்டு மணிக்குக் கைது என்று எழுதுவார்கள். காலை பத்து மணிக்கே ஏதாவது ஒரு கடை கேமராவில் அந்த ஜீப் இருக்கும். அந்தப் பென் டிரைவோடு நான் வருவேன், மின்னணுச் சாட்சியத்துக்கான சான்றிதழையும் சேர்த்துக்கொண்டு. அது புதுச் சாட்சியச் சட்டமான பிஎஸ்ஏ-வில் 63, உங்கள் ஐயா பழைய நம்பரில் 65பி என்பார்.

இன்னொன்று எதிரி. போலீஸ் தமிழில் குற்றம் சாட்டப்பட்டவர் எதிரி. முதலாம் எதிரி, இரண்டாம் எதிரி. புதிதாகக் கேட்பவருக்கு ஏதோ யுத்தம் போல இருக்கும், ஆனால் வழக்குக் கட்டில் அதுதான் சொல். அதை எழுதுவதில் தப்பில்லை. குற்றவாளி என்று எழுதுவதுதான் தப்பு, தீர்ப்பு வரும்வரை அந்தச் சொல்லுக்கு இடமே கிடையாது. பத்திரிகைக் குறிப்பு அனுப்பும்போது உங்கள் ஆட்கள் பத்தில் ஏழு தடவை இதைத்தான் எழுதுகிறார்கள் (எண்ணிப் பார்த்ததில்லை, எரிச்சலில் சொல்கிறேன்).

---

நைட்ரவுண்ட்ஸ்

சார் சொன்னதோடு சேர்த்து, நான் எஸ்.ஐ., மகளிர் காவல் நிலையத்திலும் சட்டம் ஒழுங்கிலும் இருந்திருக்கிறேன். தம்பி, பத்திரிகைத் தமிழை நம்பிப் பிரிவு போட்டுவிடாதே. "பூட்டை உடைத்து 30 பவுன் கொள்ளை" என்று தலைப்பு வரும். சட்டத்தில் அது கொள்ளையே இல்லை. வீட்டில் ஆளே கிடையாது, யாரையும் மிரட்டவில்லை. அது இராத்திரி வீட்டை உடைத்து நுழைந்ததும் திருட்டும், பிஎன்எஸ் 331(4), 305. நாங்கள் கன்னக்களவு என்போம். திருடும்போது அல்லது பொருளோடு ஓடும்போது காயப்படுத்தினாலோ பயமுறுத்தினாலோதான் அது வழிப்பறி என்ற வகைக்குப் போகும், 309. அதே வேலையை ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து செய்தால் கூட்டுக்கொள்ளை, 310. நான்கு பேர் என்றால் வராது. கூடவே நின்று உதவினவனையும் எண்ணிக்கையில் சேர்க்க வேண்டும், பைக்கை ஸ்டார்ட் செய்து வைத்துக்கொண்டு நின்றவனையும்.

செயின் பறிப்புக்கு முன்னால் தனிப் பிரிவு இல்லாமல் திருட்டுக்கான 379-ஆ, வழிப்பறிக்கான 392-ஆ என்று ஒவ்வொரு முறையும் பேச்சு நடக்கும். இப்போது 304 என்று பறிப்பு தனியாகவே வந்துவிட்டது, மூன்று வருடம் வரை. கீழே தள்ளிக் காயமாகிவிட்டால் 304-ஓடு நிறுத்திவிடாதே.

பெண்கள் விஷயத்தில் இரண்டு மட்டும் மறக்காதே. சூரியன் மறைந்த பிறகும் உதிப்பதற்கு முன்பும் பெண்ணைக் கைது செய்யக் கூடாது, தவிர்க்கவே முடியாத நிலை என்றால் பெண் அதிகாரி எழுத்தில் காரணம் கொடுத்து மாஜிஸ்திரேட்டிடம் முன்அனுமதி வாங்க வேண்டும். இன்னொன்று, சாட்சியாக விசாரிக்கப் பெண்ணை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லக் கூடாது, வீட்டுக்குப் போய்த்தான் விசாரிக்க வேண்டும். 15 வயதுக்கு உட்பட்ட பையனுக்கும் 60 தாண்டியவருக்கும் அதே விதி. "அந்த அம்மாவை வரச் சொல்லுப்பா" என்று உன்னிடம்தான் சொல்வார்கள்.

35(3) நோட்டீஸ் என்று அடிக்கடி கேட்பாய், பழைய 41ஏ. ஏழு வருடம் வரை தண்டனை உள்ள குற்றத்தில் தேவையில்லாமல் கைது செய்யாதே, நோட்டீஸ் கொடுத்து வரவழை என்பது. 2014-ல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைக் கறாராகச் சொன்ன பிறகுதான் எல்லோரும் நோட்டீஸ் புத்தகத்தைத் தேடினார்கள். கைதுக் குறிப்பு, உறவினருக்குத் தகவல், சட்டையில் பெயர்ப்பட்டை எல்லாம் அதற்கும் முன்னால், 1996 டி.கே. பாசு தீர்ப்பில் வந்தவை, இப்போது சட்டத்திலேயே இருக்கின்றன.

ஒரு சுவாரசியத்துக்கு: ஊரில் "அவன் சரியான கேடி" என்கிறோமே, அது நம் ஸ்டேஷன் பதிவேட்டில் இருந்து தெருவுக்குப் போன சொல். நோன் டெப்ரடேட்டர் (Known Depredator, போலீசுக்குத் தெரிந்த கொள்ளைக்காரன்) என்பதன் முதல் எழுத்துகள், கே.டி.

---

புதுக்காக்கி

எல்லோருக்கும் நன்றி. ரைட்டர் ஐயா சொன்ன வேலித் தகராறை நோட்டில் படமாகவே போட்டுவிட்டேன், ஒவ்வொரு காகிதத்துக்கும் பக்கத்தில் பழைய நம்பர் சிவப்பு, புது நம்பர் நீலம்.

இரண்டு சந்தேகம். எங்கள் ஊரில் எல்லோரும் "புகார் கொடுத்து சிஎஸ்ஆர் வாங்கிவிட்டேன், கேஸ் போட்டாச்சு" என்பார்கள். சிஎஸ்ஆர் என்பதும் எஃப்ஐஆர் மாதிரிதானா? ஜீரோ எஃப்ஐஆர் என்பது என்ன, அதற்கு மதிப்பு குறைவா?

---

ரைட்டர்மேசை

சிஎஸ்ஆர் என்பது உன் மனு எங்களுக்குக் கிடைத்தது என்பதற்கு ரசீது. நம் மாநில வழக்கம், பிஎன்எஸ்எஸ்-ல் அப்படி ஒரு சொல்லே கிடையாது. கேஸ் போட்டதாக ஆகாது, கைது செய்ய முடியாது, மாஜிஸ்திரேட்டுக்கும் போகாது. மனுவைப் படித்தாலே பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் தெரிகிறது என்றால் எஃப்ஐஆர் போட்டே ஆக வேண்டும் என்று 2013-ல் லலிதா குமாரி வழக்கில் ஐந்து நீதிபதிகள் சொல்லிவிட்டார்கள். புதுச் சட்டத்தில் மூன்று வருடம் முதல் ஏழு வருடத்துக்குக் கீழ் தண்டனை உள்ளவற்றுக்கு மட்டும் ஒரு வழி விட்டிருக்கிறார்கள், டிஎஸ்பி அனுமதியோடு 14 நாளுக்குள் முதற்கட்ட விசாரணை செய்து பார்க்கலாம். சிஎஸ்ஆரைக் கொடுத்துவிட்டு மாதக்கணக்கில் அலைய விடுவது அந்த வழியில் சேராது. செய்கிறவர்கள் இருக்கிறார்கள், நீ ரைட்டர் ஆகும்போது செய்யாதே.

ஜீரோ எஃப்ஐஆர் முழு எஃப்ஐஆர்தான், மதிப்பில் குறைச்சல் இல்லை. சம்பவம் நடந்த இடம் நம் எல்லை இல்லை என்று ஆளைத் திருப்பி அனுப்பாமல், வரிசை எண்ணுக்குப் பதில் பூஜ்யம் போட்டுப் பதிந்து, எல்லை உள்ள ஸ்டேஷனுக்கு அனுப்பிவிடுவோம். அங்கே அவர்கள் வரிசை எண் விழும். இப்போது 173-லேயே அதற்கு இடம் இருக்கிறது.

---

வாய்தாவராண்டா

எந்த 173?

---

ரைட்டர்மேசை

நீலம் சார், நீலம். தம்பி, படுத்துத் தூங்கு, காலையில் ஐந்தரைக்கு ஃபாலின், வரிசையில் போய் நிற்க வேண்டியிருக்கும்.